மண்ணைத் தொட்ட விழுது

சுனாமியை ஒற்றைக் கையால் திருப்பி அனுப்பியவள் நான். இன்னொரு கையில் அப்போது காப்பி டம்ளர் இருந்தது.

இதில் கொஞ்சம் கூடுதல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒற்றைக் கை இல்லை. கையே இல்லை. கடலும் என்னைக் கேட்டுக்கொண்டு திரும்பவில்லை. சரியாகச் சொன்னால் அன்றைக்கு நான் கடலுக்குப் பக்கத்திலேயே இல்லை. ஆனால் ஏறக்குறைய இதே பொய்யை, இதைவிட நீளமாக, மைக்கைப் பிடித்து ஊர் முன்னால் சொன்னேன். சொன்னது ஒரு கையேட்டில் அச்சாகி வந்தது, என் படத்தோடு. படத்தில் நான் நன்றாகவே இருக்கிறேன். அந்தக் கையேட்டில் அதைத் தவிர நல்லது ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரை என்னைப் பற்றியது அல்ல, ஆராயியைப் பற்றியது. கையேட்டில் அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் பெயர் இருக்கிறது. கூனிமேடு முதல் பெரிய முதலியார்சாவடி வரை அது போயிருக்கிறதாம். அது போன ஊருக்கெல்லாம் இதுவும் போகட்டும்.

எங்கள் குப்பம் மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கிறது. கிழக்கே கடல். கடலை ஒட்டி நீளமாக ஒரு மணல்மேடு. மேட்டுக்குப் பின்னால் வீடுகள், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரைக்கும் உப்பளம். நான் கமலாம்பாள். இங்கே பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் பாடம் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டீச்சர்தான். என் பேச்சுக்கு ஊரில் ஒரு கழிவு உண்டு. நான் நூறு என்றால் ஐந்தோ ஆறோ என்று எடுத்துக்கொள்வார்கள். மீன் விலை பேசுகிற இடத்தில்கூட, "இது டீச்சர் கணக்கா, நெஜக் கணக்கா?" என்று கேட்பதுண்டு. இதில் எனக்குப் பெருமைதான் இருந்தது, போன வருஷம் வரைக்கும்.

ஆராயி 1967இல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தாள். எட்டு வயது, எலும்பும் தோலுமாக இருப்பாள், தலையில் எண்ணெய் பார்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும். என் கொள்ளுத்தாத்தா ஒரே நாளில் ஆயிரம் மூட்டை உப்பைத் தலைச்சுமையாகப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். இவள் மட்டும் கை தூக்கினாள்.

"எத்தினி நடை, டீச்சர்?"

"ஒரே நடை."

"அப்ப மூட்டை எத்தினி பெருசு?"

பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னேன். மத்தியானம் முழுக்க நின்றாள். மணி அடித்து இறங்கச் சொன்னபோது, அழுவாள் என்று பார்த்தால், "மேல ஓடு நானூத்திப் பன்னெண்டு இருக்குது டீச்சர். ரெண்டு ஒடைஞ்சிருக்குது" என்றாள். மறுநாள் நான் யாருமில்லாதபோது எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டுதான்.

அந்த வருஷத்தோடு அவள் படிப்பு நின்றது. உப்பளத்துக்குப் போனாள். பத்தொன்பது வயதில் செல்லப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவனும் அளத்து ஆள்தான். உப்பு வெளிச்சத்தில் கண் மங்கிப்போய், இப்போது காவலுக்கு மட்டும் போகிறான். தையில் உப்பு வேலை தொடங்கினால் புரட்டாசி வரை ஓடும். மழை இறங்கிவிட்டால் அளத்தில் தண்ணீர் நிற்கும், வேலை கிடையாது. அந்த மூன்று மாதமும் ஆராயி மேட்டுக்குப் போவாள்.

மேடு முழுக்கத் தாழம்புதர். இடையிடையே பனை, கீழே அடம்பங்கொடி. தாழையின் உடம்பிலிருந்து விழுதுகள் கால் காலாகக் காற்றில் தொங்கும். அந்த விழுதை அறுத்து, நாலு நாள் ஊறப்போட்டு, நுனியைக் கல்லில் வைத்துத் தட்டினால் நார் பிரிந்து, சுண்ணாம்பு அடிக்கிற மட்டை ஆகிவிடும். பொங்கலுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுச் சுவரானாலும் ஆராயியின் மட்டைதான் அடித்திருக்கும். கடையில் நைலான் பிரஷ் வந்த பிறகும் அவளிடம்தான் வாங்கினார்கள். நைலான் சுண்ணாம்பைக் குடிக்காது, தாழை குடிக்கும்.

அவளுக்கும் அவளோடு போகிற பெண்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. காற்றில் தொங்குகிற விழுதை அறுக்கலாம். மண்ணைத் தொட்டுவிட்ட விழுதைத் தொடக்கூடாது. தொட்டது நுனி மட்டும்தான், ஒரு விரல் அளவுதான் என்றாலும் கூடாது. அறுத்த புதரில் ஒரு கிழிசல் துணியை முடிந்துவிட்டு வருவார்கள். முடிச்சுப் போட்ட புதருக்கு இரண்டு மழைக்காலம் ஓய்வு. ஏன் என்று கேட்டால், "தொட்டது மண்ணைப் புடிச்சிக்கிச்சி. அது இனிமே மேட்டோடது" என்பாள் ஆராயி. அவ்வளவுதான் விளக்கம். அவள் அங்கே விழுதறுக்க ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, ஒரு புதர் குறையவில்லை. இது டீச்சர் கணக்கு இல்லை, அவள் கணக்கு.

மேட்டின் தெற்குக் கோடியில் எனக்கு ஒரு ஏக்கர் கொல்லை இருக்கிறது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு, சும்மாக் கிடக்கிறதே என்று மணலை வழித்துச் சமனாக்கிச் சவுக்குப் போட்டேன். நானே கிடந்து தண்ணீர் ஊற்றினேன் என்று எழுதக் கை போகிறது. ஆள் வைத்து ஊற்றினேன். நாலரை வருஷத்தில் நெடுநெடுவென்று வளர்ந்தது. 2004 சித்திரையில் லாரிக்காரர்கள் வந்து ஒரே வாரத்தில் மொத்தத்தையும் வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது கட்டைகளும் வெறும் மணலும்தான்.

அந்த டிசம்பரில் கடல் வந்தது.

இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்ததால் ஆராயி விடிந்ததும் அரிவாளோடு மேட்டில் இருந்தாள். கரையில் கிடந்த படகுகள் தாமாகவே எழுந்து நகர்வதை அங்கிருந்து பார்த்திருக்கிறாள். மேட்டு உச்சியில் நின்று கத்தினாள். கீழே ஓடாதே, மேலே வா என்று கத்தினாள். கடலைக் கண்டு ஓடுகிறவனிடம் கடல் பக்கம் ஓடிவா என்றால் யார் கேட்பார்கள்? கேட்டார்கள். ஆராயி எண்ணாததைச் சொல்லமாட்டாள் என்று ஊருக்குத் தெரியும். இருபத்தேழு பேர் மேட்டில் ஏறித் தாழையைக் கட்டிக்கொண்டார்கள். தாழை ஓரமெல்லாம் முள். அலை மேட்டின் நெஞ்சில் மோதி உடைந்து இரண்டு பக்கமும் இறங்குகிற வரைக்கும் யாரும் பிடியை விடவில்லை. அத்தனை பேர் கையையும் தாழை கிழித்திருந்தது.

மேட்டைத் தாண்டித் தண்ணீர் வரவில்லை. வந்தது தெற்கே, நான் வழித்துவிட்ட இடத்தில். அந்தத் திறப்பு வழியாக உள்ளே புகுந்து ஐந்து வீட்டைக் கொண்டுபோயிற்று. உயிர் போகவில்லை. ஐந்தில் ஒன்று ஆராயியின் வீடு.

அந்த நேரத்தில் நான் பிரம்மதேசத்தில், கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து திருவாதிரைக் களி தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் மருமகள் யுவராணி. எனக்கு இரண்டாம் முறை வாங்கிக் கொடுத்தது அவள்தான்.

2005 ஆடியில் மோகன் என்று ஒருவர் வந்தார். ஒரு காகித ஆலையின் தோப்புப் பிரிவு அதிகாரி. நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் எந்த வீட்டிலும் நுழைவார். கடலோரம் நெடுக அரண் மாதிரிச் சவுக்கு நட ஏற்பாடு, கன்று ஆலை தரும், நடுகிற வேலை ஊருக்கு, ஐந்து வருஷம் கழித்து வெட்டும்போது கூலி வேலையும் ஊருக்கு என்றார். காகிதம் வேண்டும் என்றால் மரம் வேண்டும், தோப்பு மரம் இல்லையென்றால் மலைக்காட்டு மரத்தில்தான் கை வைப்பார்கள் என்றார். காகிதத்திலேயே பிழைத்தவள் நான், மறுக்க முடியவில்லை. மேட்டின் மேலேயே நடுவதா, மேட்டை விட்டுவிட்டுப் பின்னால் நடுவதா என்று மட்டும் அவருக்கு இன்னும் முடிவாகவில்லை. அன்றைக்கு இங்கே அலையைத் தடுத்தது எது என்று ஊர்க்காரர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொண்டுதான் முடிவு செய்வேன் என்றார். பஞ்சாயத்துக் கன்னியப்பன் அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று தண்டோரா போட்டார்.

முதல் நாள் சாயங்காலம் ஆராயி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டாள், நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"டீச்சர், நாளைக்கி நீங்க பேசணும்."

"ஏன், உனக்கு வாய் இல்லியா?"

"எனக்குப் பேசத் தெரியாது. மூணு வார்த்தைல முடிஞ்சிடும். நீங்கன்னா நல்லா நீட்டிப் பேசுவீங்க."

"இன்னா பேசணும்? சவுக்கு வேணாம்னா?"

"யாரு வேணாம்னது? மழைல வேலையில்லாத ஜனம் நட்டுட்டு நாலு காசு பாக்கட்டும். எம் புது வீட்டுக் கூரையே சவுக்குக் கழிதான். மேட்டுக்குப் பின்னாடி போடட்டும். மேட்டு மேல வேணாம். சவுக்குச் சருகு விழுந்தா கீழ ஒரு பூண்டு மொளைக்காது. அஞ்சு வருஷத்துல மொத்தமா வெட்டிடுவான். வெட்டின வருஷம் கடல் வந்தா?" தெற்கே கையைக் காட்டினாள். "உங்க கொல்லைல வந்த மாதிரி."

என் கொல்லையைப் பற்றி அவள் அதுவரை ஒருநாளும் பேசினதில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் குத்திக்காட்டவில்லை. எண்ணிச் சொன்னாள், ஓடு எண்ணின மாதிரி.

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன், உண்மையிலேயே.

மறுநாள் நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மோகன் எழுந்து நின்று கும்பிட்டு, முன்வரிசையில் நாற்காலி போடச் சொன்னார். மைக் செட்டு ஏற்பாடாகியிருந்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாக மைக்கைத் தொடாதவள் நான். "இந்த ஊர்லயே மூத்த படிச்சவங்க நீங்கதான்னு சொன்னாங்கம்மா. அன்னைக்கி என்ன நடந்துச்சின்னு நீங்க சொன்னா, அதையே எழுதிக்கறேன்" என்றார். நோட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார்.

நான் ஆராயி சொன்னதைத்தான் ஆரம்பித்தேன். அலை வந்ததைச் சொன்னேன். கூட்டம் அமைதியாயிற்று. அந்த அமைதி இருக்கிறதே, அது எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு. மேட்டில் நின்று கத்தினதைச் சொன்னேன். யார் கத்தியது என்று சொல்லவேண்டிய இடத்தில் வாய் தானாக, "நான் நின்று கத்தினேன்" என்றது. அதன் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. இருபத்தேழு பேர் நூற்றைம்பது ஆனார்கள். அலை பனையுயரம் ஆயிற்று. எனக்குப் பிடி வேண்டியிருந்தது, முந்தானையால் என்னை என் சவுக்கு மரத்தோடு கட்டிக்கொண்டேன். என் தோப்பு நாற்பது வரிசை, அலையைச் சீப்பு வாரிவிடுகிற மாதிரி வாரிவிட்டது, இந்தப் பக்கம் வந்தது வெறும் நுரை என்றேன். கை தட்டினார்கள்.

அந்தச் சவுக்கெல்லாம் அன்றைக்குச் சென்னையில் ஏதோ அடுக்குமாடிக்குச் சாரம் கட்டி நின்றிருக்கும்.

பக்கத்தில் இருந்த யுவராணி என் புடவையை இழுத்தாள். "அத்தே, நாம அன்னைக்கி பிரம்மதேசத்துல இல்ல இருந்தோம்?" என்றாள் மெதுவாக. அவள் தொடையில் கிள்ளினேன்.

ஊர் ஏன் கை தட்டியது என்று கேட்பீர்கள். அவர்களுக்கு இது வழக்கமான டீச்சர் கதை. வீட்டுக்குப் போகிற வழியில் கழிவு போட்டுக்கொள்வார்கள். மோகனும் சிரிக்கிறார், அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். கழிவு தெரியாத ஒரே ஆள் அங்கே மோகன்தான். அவர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கணம் கீழே பார்த்தேன். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கைகளில் தாழை கிழித்த வெள்ளைக் கோடுகள் இன்னும் மறையாமல் இருந்தன. என் கை வழவழவென்று இருந்தது. ஆராயி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் வேப்பமரத்தடியில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் ஒரு கதை சொல்லிச் சமாளிக்கலாம்.

"நல்லா பேசினீங்க, டீச்சர்" என்றாள். போய்விட்டாள்.

அன்றைக்கே போய் மோகனிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஜீப் டீக்கடை வாசலில் அரைமணி நேரம் நின்றது. நான் வீட்டு ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், கடிதம் எழுதலாம், நல்ல தாளில் எழுதலாம் என்று நினைத்தேன். ஆவணியில் கையேடு வந்தது: 'நூற்றைம்பது உயிர்களைக் காத்த சவுக்கு அரண்'. கீழே என் படம். கன்னியப்பன் கொண்டுவந்து கொடுத்து, "நம்ம ஊரு பேரு எங்கியோ போயிட்டுச்சி டீச்சர்" என்றார். நான் நாலு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஐப்பசியில் பொக்லைன் வந்தது. மேட்டின் மேலேயே நடுவது என்று முடிவாகியிருந்தது. மோகன் என்னைக் கும்பிட்டு, "உங்க தோப்பு மாதிரியே சமன் பண்ணிட்டு நடறோம்மா" என்றார். என் கொல்லையை ஒட்டின தெற்கு மேட்டை மூன்று நாளில் வழித்தார்கள். தாழைகளை வேரோடு அள்ளிச் சாலையோரம் குவித்தார்கள். குவியலைப் பார்க்க நான் போனேன். புதர் புதராக, அதில் ஆராயியின் கிழிசல் துணி முடிச்சுகள் தெரிந்தன. இந்த வருஷம் தொடக்கூடாது, அடுத்த வருஷமும் தொடக்கூடாது என்று அவள் ஓய்வு கொடுத்திருந்த புதர்கள். ஒரு முடிச்சு நான் அவளுக்குக் கொடுத்த பழைய பச்சைப் புடவை. நான் அதை அவிழ்க்கக் குனிந்தேன். யாரோ வருகிற சத்தம் கேட்டு நிமிர்ந்துவிட்டேன்.

குவியலுக்கு அந்தப் பக்கம் ஆராயிதான். அரிவாள் வைத்திருந்தாள். அந்தக் குவியலில் அறுக்க ஆயிரம் விழுது இருந்தது. வேரோடு பிடுங்கிப் போட்டாயிற்று, இனி என்ன கட்டுப்பாடு? அவள் தொங்கு விழுதுகளை மட்டும் அறுத்தாள். மண் ஒட்டியிருந்த விழுதுகளை விட்டுவிட்டாள்.

"அதையும் எடுத்துக்கோயேன், ஆராயி. காய்ஞ்சிதானே போவப்போவுது" என்றேன்.

"மண்ணு ஒட்டியிருக்குது பாருங்க" என்றாள்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. வழித்த மேட்டில் மணலைப் பிடிக்க ஒன்றும் இல்லை. நட்ட கன்றுகளோடு மணல் கரைந்து சாலையைக் கடந்து அளத்து வாய்க்காலில் போய் நிறைந்தது. தையில் உப்பு வேலை தொடங்க வேண்டியவர்கள் மாசி வரை வாய்க்கால் தூர்வாரினார்கள். செல்லப்பனும் மங்கின கண்ணோடு மண்வெட்டி பிடித்தான்.

பொங்கல் வந்தது. வருஷா வருஷம் போகிக்கு ஐந்து நாள் முன்னால் ஆராயி என் வீட்டுத் திண்ணைத் தூணில் இரண்டு மட்டையைச் சாத்திவைத்துவிட்டுப் போவாள், கேட்கவே வேண்டியதில்லை. இந்த வருஷம் இல்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி கையில் புது மட்டை இருந்தது. எதிர்வீட்டிலும் இருந்தது. ஊரெல்லாம் வெள்ளையடித்துப் பளிச்சென்று நிற்க, நடுவில் என் வீடு அழுக்காக நின்றது. "நைலான் பிரஷ்ஷு வாங்கியாரட்டுமா, அத்தே?" என்றாள் யுவராணி. வேண்டாம் என்றேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். கூட்டத்துக்குப் பிறகு நான் செய்த முதல் யோக்கியமான காரியம் அதுதான்.

மாசியில் மோகன் பிழைத்த கன்றுகளை எண்ண வந்தார். மறுபடி பள்ளிக்கூடத்தில் கூட்டம். நான் சாதாரணப் புடவையில் போய், கேட்காமலே எழுந்தேன். முன்பு சொன்னது எல்லாம் பொய் என்றேன். அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை என்றேன். என் தோப்பில் அன்றைக்கு ஒரு மரமும் இல்லை, தண்ணீர் புகுந்ததே அந்த வழியாகத்தான், மேட்டில் நின்று கத்தினது ஆராயி, பிடித்துக்கொண்டது தாழை என்றேன். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஏற்றி இறக்காமல் சொன்னேன்.

பின்னாலிருந்து யாரோ, "டீச்சர் புதுக்கதை வுடுது!" என்றார்கள். பள்ளிக்கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. இத்தனை வருஷம் பொய்க்குக் கழிவு வாங்கியவள், அன்றைக்கு நிஜத்துக்கும் கழிவு வாங்கினேன். மோகன் மட்டும் சிரிக்கவில்லை. "படிச்சவங்க எவ்ளோ அடக்கமா பேசறாங்க பாருங்க" என்று கண் கலங்கினார்.

நான் ஆராயியைத் தேடினேன். அவள் பின்வரிசையில் எழுந்து நின்றாள். "டீச்சர் சொன்னது நெஜம்" என்றாள். மூன்றே வார்த்தை. சிரிப்பு நின்றது. மோகன் நோட்டைப் பிரித்தார். ஆனால் அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

இப்போது ஆவணி. இதை எழுத உட்கார்ந்ததும் ஆராயிக்குச் சொல்லி அனுப்பினேன். வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். "எழுதறதுன்னா எண்ணிக்கையாவது சரியா இருக்கட்டும்னுதான் வந்தேன்" என்றாள். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, நான் எழுத எழுதப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முப்பது பேர் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அதை இருபத்தேழு ஆக்கியது அவள். தண்டோரா போடவில்லை, கன்னியப்பன் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார் என்கிறாள். அது மேலே அப்படியே கிடக்கட்டும், ஒன்றாவது எனக்கு விடு என்றேன். விட்டாள்.

முடிக்கிற இடம் வந்துவிட்டது. இப்படி முடித்தேன்: 'தெற்கு மேடு போயிற்று, அது என்னால். ஆனால் வடக்கு மேடு இன்றும் தாழையோடு நிற்கிறது. மாசிக் கூட்டத்தில் நான் எழுந்து உண்மையைச் சொன்ன பிறகு பொக்லைன் அந்தப் பக்கம் வரவில்லை. என் வெட்கத்துக்கு அந்த ஒரு ஆறுதலாவது இருக்கிறது.'

இதையும் படித்துக் காட்டினேன். ஆராயி சொன்னாள்:

"அது இல்ல டீச்சர். கார்த்திக மழைல நாத்தங்கால்ல தண்ணி நின்னு மிச்சக் கன்னு அழுகிப் போச்சி. நடறதுக்குக் கன்னு இல்ல, அதான் வடக்கு மேடு நிக்குது. புதுக் கன்னு வர்ற ஐப்பசிக்கு வருதாம். இன்னும் ரெண்டு மாசம் இருக்குது. அதை எழுதுங்க."